ஆகக் குறைந்த எண்

கோத்தகிரிக்குக் கீழே
மேட்டுப்பாளையம் ரோட்டின் மூன்றாவது வளைவில்
ஸ்டாஃபைப் பிடித்து நிற்கிறேன்.
அது நான்கு மீட்டர், கறுப்பும் சிவப்பும் கட்டம் போட்டது.
நான் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைச்சல்.

அறுபதடி தள்ளி
முக்காலிக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணை மூடியிருக்கிறார்
ஓவர்சியர் தேவசகாயம்.
ஆபீஸின் பழைய கருவி,
அதன் குழாய்க்குள் எல்லாம் தலைகீழ்.
ரோடு மேலே, மேகம் கீழே,
எண்களைக் கட்டிக்கொண்டு
வௌவாலாய்த் தொங்குகிறேன்.
அப்படிப் பார்த்துத்தான்
இந்த மலையை நிமிர்த்தி எழுதுகிறார்கள்.

"ஆட்டு" என்கிறார்.
முன்னே சாய்க்கிறேன், பின்னே சாய்க்கிறேன்,
தூளி ஆட்டிப் பழகிய கைதான்.
எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எண் கூடும்.
நேராய் நிற்கிற ஒரு நொடியில் மட்டும்
ஆகக் குறைந்த எண்.
அதைத்தான் எழுதிக்கொள்வார்.

இதற்கு மட்டம் எடுப்பது என்று பெயர்.
ஒருநாள் வராவிட்டால்
மட்டம் போட்டாள் என்று பெயர்.

எஸ்டேட்டில் ஆறு வருஷம்
மட்டக் கம்பைச் செடித்தலையில் கிடத்தி
அதற்கு மேலே வந்ததைக் கிள்ளினேன்.
விட்டிருந்தால் மரமாகியிருக்கும் தேயிலை.
இடுப்புக்கு மேல் வளர்ந்ததெல்லாம் கம்பெனிக்கு.

கொழுந்தன் நிமல்ராஜ் ஊட்டி ஏரிக்கரையில்
மட்டக் குதிரை வைத்திருக்கிறான்.
"குட்டியா?" என்று கேட்கும் வெளியூர்ப் பிள்ளைகள்.
அதற்குப் பத்தொன்பது வயசு.
வளர்ந்து முடித்த உயரம் அது.

மகன் போனில் நாற்பத்தோராம் லெவல்,
பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு, இரண்டாம் தடவை.
"உன் லெவல் என்னம்மா?"
"ஒன்று புள்ளி நான்கு இரண்டு ஐந்து" என்றேன்.
சோறு புரையேறச் சிரித்தான்.

எல்லா எண்ணும் கடலிலிருந்து எண்ணியவையாம்.
நான் கடல் பார்த்ததில்லை.
அம்மா பார்த்திருக்கிறாள்,
தலைமன்னாரில் கப்பலேறி வந்தவள்.
கடல் மட்டமாகவா இருந்தது என்று கேட்டேன்.
"வாந்தி எடுத்துக்கிட்டே வந்தேன்,
யாரு பார்த்தா?"

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஓர் அம்புக்குறி,
தேவாலயப் படிக்கல்லில் இன்னொன்று.
இதற்கும் அதற்கும் உள்ள உயரம்
அறுபது வருஷமாக நோட்டில் இருக்கிறது.
திங்களன்று எடுத்தோம்.
நாற்பத்து மூன்று மில்லிமீட்டர் உதைத்தது.

"நீதான் சாய்ச்சிருப்பே.
கொழுந்து கிள்ளுறவகிட்ட ஸ்டாஃபைக் குடுத்தா இப்படித்தான்."
டீக்கடையில் ஏழெட்டுப் பேர்.
மட்டம் தட்டுவதற்குக் கருவி தேவையில்லை,
கொஞ்சம் கூட்டம் இருந்தால் போதும்.

செவ்வாய் மறுபடி எடுத்தோம்.
அதே நாற்பத்து மூன்று.
"ரெண்டு நாளும் ஒரே அளவாத் தப்புப் பண்ண
எனக்குத் தெரியாது, சார்."

அவர் பேசவில்லை.
பாலத்தடியில் நான்தான் குந்தினேன்.
பாசியை வழித்தால்
சுண்டுவிரல் நுழைகிற விரிசல்.
உள்ளே ஈரம், குளிர்ந்த காற்று.

அதற்கும் கீழே
ரிசார்ட்டுக்காகச் சரிவைச் சீவிய பொக்லைன்
மஞ்சளாய் நிற்கிறது.
நான்கு குடிசைகள் இருந்த இடம்
இப்போது தரைமட்டம், அழகாக, ஒரு மைதானம் போல.
பாலம் இறங்கிக்கொண்டிருக்கிறது.
அம்புக்குறி தானும் இறங்கிக்கொண்டே
ஊருக்கெல்லாம் உயரம் சொல்கிறது.

மலையும் மட்டம்தான் எடுக்கிறது போல,
மழைக்கு மழை, பிடி பிடியாக,
அம்மா பார்க்காத கடலைக் குறிவைத்து.

இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றார்.
அவரே போய்ப் பாலத்தில் ஸ்டாஃபைப் பிடித்தார்.
நான் முக்காலிக்குப் பின்னால் வந்தேன்.
குமிழியை நடுவில் நிறுத்தக் கால்மணி நேரம் ஆயிற்று,
என் மூச்சுக்குக்கூட நகர்ந்தது.

குழாய்க்குள் ஓவர்சியர் தலைகீழாகத் தொங்கினார்.
சட்டைப் பையிலிருந்து பேனா
வானத்தில் விழுந்துவிடும் போலிருந்தது.

"ஆட்டுங்க சார்."

வேகமாக ஆட்டினார்.
எண்கள் ஓடின.

"மெதுவா, சார்.
இன்னும் மெதுவா."